இருபத்திரண்டு காலடிகள் குறித்துச் சம்பந்திக்கு எழுத்து மூலமான விளக்கம்

அல் கூஸ், துபாய்.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, கறம்பக்குடி திரு. விஜயபாஸ்கர் அவர்களின் சமூகத்திற்கு, அறந்தாங்கி ரெங்கராஜ் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும், சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளையும், சென்ற மாதம் ஈன்ற பசுவும் அதன் கன்றும் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன். இங்கு நான் உடலால் சுகம். மனதாலும் சுகம் என்பதை நிரூபிப்பதற்காகவே இந்தக் கடிதம்.

தாங்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய குரல் பதிவைப் பதினோரு முறை கேட்டேன். முப்பத்தோரு வருடம் கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்தவர் தாங்கள். சங்கத்துச் சிப்பந்தியிடம் கேட்பதுபோல "ஏழு நாளைக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும், தவறினால் வைகாசி பதினொன்றாம் தேதி முகூர்த்தம் பற்றி மறுபரிசீலனை செய்ய நேரிடும்" என்று சொல்லியிருந்தீர்கள். தவறில்லை. பெண்ணின் தகப்பன் மூடுபனிக்கு நடுவே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துக் கதறி அழுகிற வீடியோ வந்தால் எந்த மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கத்தான் செய்வார்கள். அந்த வீடியோவை எடுத்தவன் என்னோடு வேலை பார்க்கும் பாலமுரளி. அதைத் தன் தங்கை வீட்டுக்காரருக்கு அனுப்பி, கீழே சிரிப்புப் பொம்மை நான்கு போட்டிருக்கிறான். அவர் கறம்பக்குடியில் தங்கள் தெருவிலேயே இருப்பது என் ஜாதகம். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த செவ்வாய் லீவில் ஊருக்கு வருகிறான். இந்தக் கடிதத்தையும் அவன் கையில்தான் கொடுத்தனுப்பப்போகிறேன். ஆக, குற்றவாளியே தபால்காரனும் ஆகிறான்.

முதலில் ஒன்று. நான் குடிப்பதில்லை. ஜுபைலில் ஆறு வருடம் சாரம் கட்டினேன், சோஹார் துறைமுகத்தில் ஐந்து வருடம் சுமை ஏற்றினேன், இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது, ஒரு நாளும் தொட்டதில்லை. இரண்டாவது, எனக்குக் கிரிக்கெட் தெரியாது. புல் தெரியும். ஊருக்கு வெளியே பாலைவனத்தை ஒட்டி இருக்கும் ஒரு பயிற்சி மைதானத்தில் புல் வளர்ப்பதும், வெட்டுவதும், உருளை ஓட்டுவதும், பந்து வீசுகிறவர்கள் கிளறிப்போட்ட குழியில் களிமண் அடைப்பதும் என் வேலை. எங்களுக்கு மேலே இர்ஷாத் பாய். கீழக்கரைக்காரர், நல்ல மனிதர், மனைவியைத் தவிர எல்லோரையும் அதட்டுவார்.

தை மாதத்தில் இங்கே இறங்கும் மூடுபனியைத் தாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து ஐந்து மணிக்கு வேன் கிளம்பினால் சாலையே இருக்காது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு இரண்டும் எங்கோ அந்தரத்தில் மிதக்கும். மைதானத்தில் விளக்குக் கம்பங்கள் பாதியோடு நின்றுவிடும், மேல்பாதி காணாது. புல் முழுக்கப் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். நீளமான ஒரு கயிற்றை ஆளுக்கொரு முனையில் பிடித்து, மைதானம் நெடுக இழுத்துக்கொண்டே போய் அந்தப் பனியைத் தட்டிவிட வேண்டும். அதுதான் காலையில் முதல் வேலை. தை பிறந்து எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கீழ்வானம் லேசாக வெளுக்கிற நேரம், கயிற்றை எடுத்துக்கொண்டு நான் முதல் ஆளாக உள்ளே போனேன். பனியில் காலடிகள் இருந்தன.

வெள்ளைப் பரப்பில் கரும்பச்சையாக, ஒன்றன்பின் ஒன்றாக, நேர்கோட்டில். எண்ணினேன், இருபத்திரண்டு. பந்து வீசுகிறவர் ஓடி வந்து, கால் ஊன்றி வீசுகிற வெள்ளைக் கோடு ஒன்று இருக்கிறதல்லவா, அதில் வந்து முடிந்தன. யாரோ ஓடிப் பார்த்திருக்கிறான் என்று நினைத்துக் கயிற்றை இழுக்கப் போனவன் நின்றுவிட்டேன். முதல் காலடி இருந்த இடத்துக்கு ஆள் எப்படி வந்தான் சம்பந்தி? அதற்குப் பின்னால் பனி கலையவே இல்லை. கடைசிக் காலடிக்கு அப்பாலும் கலையவில்லை. வேலி ஓரம் வரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி சுத்தமாக இருந்தது. வானத்திலிருந்து இறங்கி, இருபத்திரண்டு காலடி ஓடி, மறுபடி வானத்துக்கே போனவன்போல.

அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் அதே இருபத்திரண்டு. மூன்றாம் நாள் இர்ஷாத் பாயைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"நாயா இருக்கும்ப்பா."

"நாய்க்கு முள்ளு வச்ச ஷூ யாரு பாய் போட்டா?"

குனிந்து பார்த்தார். ஒவ்வொரு காலடியிலும் முள் குத்திய ஓட்டைகள் ஈர மண்ணில் தெளிவாகத் தெரிந்தன. பாய் நிமிர்ந்து, வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டார். "ஒன் வேல கயிறு இழுக்கிறது. யல்லா, இழு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அதன்பிறகு வெயில் ஏறும்வரை அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

இந்த இடத்தில்தான் ஆஸ்திரேலியாக்காரர் வருகிறார். பெயர் ராய்ஸ் டெல்வர்த். எங்கள் ஆட்களுக்கு வாயில் நுழையாததால் ராயப்பன் ஆகிவிட்டார். வயது முப்பத்தேழு, ஆறடி நாலங்குலம், முழங்கால் இரண்டிலும் துணிப்பட்டை, இடுப்பில் தோல் வார், பயிற்சி முடிந்ததும் ஐஸ் கட்டி நிரப்பிய டிரம்மில் இடுப்புவரை இறங்கி நின்று கண்ணை மூடிக்கொள்வார். இங்கே நடக்கிற இருபது ஓவர் போட்டிக்கு ஒரு அணியில் எடுத்திருந்தார்கள். ஆனால் ஆட விடுவார்களா என்பது சந்தேகம். முதல் ஆட்டத்தில் இடம் கிடைக்காவிட்டால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள், அதோடு அவர் கிரிக்கெட் முடிந்தது. ஆகையால் மற்றவர்கள் வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே வந்து, தினம் காலையில் தனியாகப் பந்து வீசிப் பழகினார். என்னை "மைட், மைட்" என்று கூப்பிட்டார். என் பெயர் ரெங்கராஜ் என்று மூன்று நாள் திருத்தினேன். நாலாம் நாள்தான் அது அவர்கள் ஊர் வழக்கத்தில் "மாப்ளே" என்கிற மாதிரி என்று பாலமுரளி சொன்னான். அப்புறம் ரெங்கா ஆனேன். அவர் முன்பு சென்னையில் இரண்டு வருடம் ஆடியபோது கற்ற ஒரே தமிழ் வார்த்தை "கொஞ்சம்". வலிக்கிறதா என்றால் கொஞ்சம், டீ வேண்டுமா என்றால் கொஞ்சம், குளிருகிறதா என்றாலும் கொஞ்சம். மற்றபடி அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மட்டில் தமிழில் எழுதுகிறேன்.

கோதுமை விளைகிற ஏதோ ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா தானிய லாரி ஓட்டுநர். வீட்டுத் தகரத் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்தே பந்து வீசி வளர்ந்தவர். அம்மா சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைப்பாராம். பத்தொன்பதில் மாகாண அணி. இருபத்தொன்றில் நாட்டுக்காகப் பச்சைத் தொப்பி. மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகம். பத்திரிகைகள் அவர் ஓடி வருவதைப் படம் பிடித்து நடுப்பக்கத்தில் போட்டன. ஒன்பது பெரிய ஆட்டம் ஆடினார். ஒன்பதாவதில், இருபத்திரண்டு வயதில், முதுகெலும்பு விரிசல் விட்டு முறிந்தது. இரண்டு திருகாணி வைத்து ஒன்றரை வருடம் படுக்கப்போட்டு, பிறகு ஓடி வரும் தூரத்தைக் குறைத்து, எட்டைச் சுருக்கி, வேகத்தை இறக்கி, வேறு ஒரு ஆளாகத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம் பதினான்கு வருடமாக நாடு நாடாக வாடகைக்கு வீசுகிறார். டாக்காவில் இரண்டு மாதம், பார்படோஸில் ஒரு மாதம், இங்கே மூன்று வாரம். நம்மைப் போலத்தான் சம்பந்தி. கான்ட்ராக்ட், கேம்ப், டூட்டி, லீவு.

அவர் இப்போது ஓடி வருவது பதின்மூன்றே காலடி தூரம். அவர் போட்ட குழியை அடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்: வலது காலின் பெருவிரல் பக்கம் மண்ணில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்திருந்தது. காலைப் பனியில் நான் பார்க்கிற கடைசிக் காலடியிலும் அதே கோடு, அதே சாய்வில். இதைச் சொல்லலாமா கூடாதா என்று ஒரு நாள் யோசித்தேன். மறுநாள் சொல்லிவிட்டேன். சிரித்தார். "எத்தனை காலடி ரெங்கா?" என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன். சிரிப்பு நின்றது. வெள்ளைக்காரர் முகம் மேலும் வெளுக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அடுத்த நாள் விடியுமுன்னே தன் காரில் வந்துவிட்டார். அளக்கும் நாடாவை நான் கொண்டுபோனேன். இரண்டு பேரும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். எங்களைச் சுற்றிப் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பூச்சி இல்லை, பறவை இல்லை. வேலிக்கு அப்பால் இருக்கும் ஒட்டகப் பண்ணையில் எப்போதும் கேட்கிற மணிச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. அப்போது தூரத்தில் "தப்" என்று ஒன்று. பிறகு இன்னொன்று. முதலில் மெதுவாக, வரவர வேகமாக. நான் தரையைப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு காலடி வந்தது சம்பந்தி. ஆள் வரவில்லை. காலடி மட்டும் வந்தது. வெள்ளைப் புல் அமுங்கிக் கறுத்தது, அதற்கு ஆறடி முன்னால் அடுத்தது கறுத்தது, அதற்கு முன்னால் அடுத்தது. மூச்சு இரைக்கிற சத்தம் என் தோளை உரசிக்கொண்டு போனது. கோட்டில் ஒரு கால் ஊன்றியது, மண் தெறித்து என் கால்சட்டையில் விழுந்தது, "ஹ்ஹா" என்று ஒரு முனகல். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

டெல்வர்த் நாடாவைப் பிடித்து ஒவ்வொரு எட்டையும் அளந்தார். "இது நான்" என்றார். "ஒடையிறதுக்கு முன்னால."

பயந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் மதிய விமானத்தைப் பிடித்திருப்பேன். அவர் பந்தை எடுத்துக்கொண்டு முதல் காலடி இருந்த இடத்துக்கு நடந்து போனார். பனிக்குள் மறைந்தார். பிறகு அந்தக் காலடிகளின் மேலேயே கால் வைத்து ஓடி வந்தார். நான் புல்லுக்காரன், எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் அந்தப் பந்து என்னைக் கடந்தபோது காதில் விசில் அடித்தது. மறுமுனையில் நட்டிருந்த குச்சி பிடுங்கிக்கொண்டு பறந்து எங்கேயோ போய் விழுந்தது. தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அவர் புல்லில் உட்கார்ந்து சிரித்தார். பின்பு அழுதார். "அந்தப் பட்டையில மட்டும் கயிறு இழுக்காத ரெங்கா. நான் வர்ற வரைக்கும் விட்டுவை" என்று கேட்டுக்கொண்டார்.

விட்டுவைத்தேன். அதுதான் நான் செய்த தவறு, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாறு நாள் அப்படியே நடந்தது. தினமும் காலடிகள் வரும், அவர் அவற்றின் மேல் ஓடுவார். ஒரு நாள் காலை அவருடைய அணிப் பயிற்சியாளர் வேகம் அளக்கும் கருவியோடு வந்துவிட்டார். எண்ணைப் பார்த்துவிட்டுக் கருவி கெட்டுவிட்டது என்று இன்னொன்று வரவழைத்தார். அதிலும் அதே எண். முதல் ஆட்டத்தில் டெல்வர்த் பெயர் சேர்ந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அவர் கால்சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டு இருபது வயசுப் பையன் மாதிரி நின்று பேசினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழி அடைக்கும்போதுதான் எண்ணிக்கை இடித்தது.

அதை எப்படிச் சொல்வது? ஓடி வந்து வீசுகிற எவனாலும் அந்தக் கோட்டிலேயே நிற்க முடியாது. போகிற போக்கில் ஐந்தாறு எட்டு முன்னால் ஓடித்தான் உடம்பு அடங்கும். அந்த எட்டுகள் கிளறுகிற மண்ணை அடைப்பதுதான் எட்டு வருடமாக என் பிழைப்பு. டெல்வர்த் அந்தக் காலடிகளில் ஓடிய முதல் நாள், கோட்டுக்கு முன்னால் ஆறு குழி அடைத்தேன். மறுநாள் ஐந்து. அதற்கடுத்த நாள் நான்கு. பிறகு மூன்று, பிறகு இரண்டு. வேகம் கூடக் கூட அந்த எட்டுகள் குறைகின்றன. அவருக்கே அது தெரியவில்லை. பனியில் வருகிற அவனுக்கோ கோட்டுக்கு முன்னால் ஒரு காலடிகூட இல்லை, முதல் நாளிலிருந்தே இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் டெல்வர்த்திடம் கேட்டேன். "ஒன்பதாவது ஆட்டத்துல, முதுகு போச்சே, அந்தப் பந்து போட்டப்புறம் எத்தன எட்டு ஓடுனீங்க?"

அவர் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்திருந்தார். "ஓடல. கோட்டுலயே விழுந்தேன். ஒரு எட்டுகூட எடுத்து வைக்கல."

"அப்ப இது அந்த ஓட்டம்தான். அவன் ஒங்கள அங்கதான் கூட்டிட்டுப் போறான்."

"பதினாலு வருஷமா பத்திரமா வீசுறேன் ரெங்கா. எவனும் நிமிர்ந்து பார்க்கல. நாளைக்கு ஆட்டம் மத்தியானம். காலையில ஒரே ஒரு பந்து இங்க போட்டுட்டுப் போறேன்" என்றார். சொல்லிவிட்டு நிமிரப் பார்த்தார். முடியவில்லை. குனிந்தபடியே இருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை ஷூவில் சொட்டியது. வலிக்கிறதா என்று கேட்டேன். "கொஞ்சம்." நான் மண்டியிட்டு அவருக்குக் கயிறு கட்டிவிட்டு, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். அன்று அடைத்த குழி ஒன்றே ஒன்று.

இனி வீடியோ. மறுநாள் விடியும்போது, டெல்வர்த் வருவதற்கு முன்னால், நான் போய் அந்த வழியின் நடுவில் நின்றுகொண்டேன். கயிற்றால் அழித்துவிடலாமே என்று தாங்கள் கேட்கலாம். அழித்தால் நாளைக்கு வருவான், நாளை மறுநாளும் வருவான். வருகிறவனைத்தான் நிறுத்த வேண்டும். சத்தம் தொடங்கியது. தப், தப், தப். பனிக்குள்ளிருந்து காலடி என்னை நோக்கி வந்தது. இருபத்திரண்டு வயசு, சம்பந்தி. என் மகள் அகிலாவைவிட ஒரு வயது சின்னவன். அடுத்த நிமிடம் முதுகு முறியப்போவது தெரியாமல், நாடே பார்க்கிற சந்தோஷத்தில், உயிரைக் கொடுத்து ஓடி வருகிறான். கையை விரித்தேன். "தம்பி, வேணாம்யா! நில்லு! போகாத, முதுகு போயிரும்யா, கும்புட்டுக் கேக்குறேன், நில்லு!" என்று கத்தினேன். அழுதேன். அதைத்தான் தாங்கள் பார்த்தீர்கள்.

பதினான்காவது காலடியோடு நின்றது. என் கால் கட்டைவிரலுக்கு ஒரு முழம் முன்னால், இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்தன, ஒருவன் நிற்கிற மாதிரி. முகத்தில் சூடான மூச்சுக் காற்று பட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்தப் பாதங்கள் திரும்பின. ஒவ்வொன்றாக, சின்னச் சின்ன எட்டாக, வேலிப் பக்கம் நடந்து போயின. அவை நடந்து போனது அன்று ஒரு நாள்தான்.

டெல்வர்த் ஏழு மணிக்கு வந்தார். பார்த்தார். இணையாக நின்ற பாதங்களுக்குப் பக்கத்தில் தன் ஷூவை வைத்துப் பார்த்தார். திரும்பிப் போன காலடிகளைத் தொடர்ந்து வேலி வரைக்கும் போய், அவை முடிந்த இடத்தில் நின்றார். வெயில் வந்து பனி உருகி, புல் முழுக்க ஒரே பச்சையாகும்வரை நின்றார். பந்து வீசவில்லை. மத்தியானம் ஆட்டத்தில் பதின்மூன்று காலடியே ஓடி வந்தார், மெதுவான பந்துகளாகப் போட்டார், ஒரு விக்கெட் எடுத்தார், அணி தோற்றது. பயிற்சியாளர் ஏதோ கோபமாகக் கேட்டதற்கு "கொஞ்சம்" என்று பதில் சொன்னாராம். கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லையாம். இதுதான் கடைசி என்று டிவியில் சொல்லிவிட்டு, மறுநாள் எங்களிடம் விடைபெற வந்தார். இர்ஷாத் பாய் அவரைக் கட்டிக்கொண்டார். என்னிடம், "என் காலால நடந்து வீட்டுக்குப் போறேன் ரெங்கா. எனக்குத் தெரிஞ்ச பாதிப் பேருக்கு அது கிடைக்கல" என்றார். முதுகு நேராக, மெதுவாக, கார் வரை நடந்தார். காலடிகள் அதன்பிறகு வரவில்லை.

நடந்தது இவ்வளவே. இதைத் தங்களிடம் மறைத்துச் சம்பந்தம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் நான் படித்த மனிதர்களின் பேச்சைக் கேட்டு நடப்பவன். இங்கே கிளினிக்கில் உள்ள டாக்டரிடம் போனேன். மூடுபனியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, சர்க்கரை நோய் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் கண் மயங்கும், அந்த ஆஸ்திரேலியாக்காரருடைய துக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது என்று விளக்கி, எனக்கு மனநிலை சரியாக உள்ளதாகக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். நகல் இணைத்துள்ளேன். காலடிகளைப் பொறுத்தவரை, எங்கள் காவலாளி விடியுமுன் ஓட்டப் பயிற்சி செய்கிறார் என்று இர்ஷாத் பாய் முடிவு கட்டிவிட்டார், நானும் சம்மதித்துவிட்டேன். காவலாளிக்கு அறுபத்திரண்டு வயது, ஐந்தடி உயரம், செருப்பைத் தவிர வேறொன்று போட்டதில்லை என்பதைத் தாங்கள் பெரிதுபடுத்த வேண்டாம். அங்கே யாரும் இல்லை. எவரும் வரவில்லை. நான் கண்டது பனி. இதை எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அகிலா நேற்று போன் செய்தாள். வீடியோ பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்ட்டீங்களாப்பா? யாருகூட சாப்ட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்த இரண்டாவது கேள்விதான் என்னை நேற்றிலிருந்து அறுக்கிறது. அவளும் அவள் அம்மா நாகவள்ளியும் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்களோ. தாங்கள் ஒரு வார்த்தை, தேதியில் மாற்றமில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அடுப்பு நிம்மதியாக எரியும்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு என் ஆசிகளையும் சேர்ப்பிக்கவும். தாங்கள் நூறாண்டு வாழ்ந்து பேரன் பேத்திகளை வரிசையாகத் தோளில் சுமந்து கழுத்து வலிக்க வேண்டும் என்று வேண்டும்,

தங்கள் அன்புள்ள, மனநிலை சரியாக உள்ள சம்பந்தி,
ரெங்கராஜ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பாலமுரளி கடிதத்தை வாங்க வந்தான். வந்தவன் கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். ஆள் இளைத்துப் போயிருக்கிறான். "அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே. நான் ஒங்கள எடுக்கலண்ணே. ஒங்க முன்னாடி நின்னானே, ஒசரமா ஒரு வெள்ளக்காரப் பய, முடியெல்லாம் நனஞ்சு, கையில பந்தோட. ஆஸ்திரேலியாக்காரரு மகன் போலருக்கு, நீங்க அவன அதட்டுறீங்கன்னு நெனச்சுத்தான் எடுத்தேன். பாக்காம அனுப்பிட்டேன். அப்பறம் பாத்தா அவன் அதுல இல்ல. மூணு வாரமா தூக்கமில்லண்ணே" என்றான். ஆகவே, மேலே "அங்கே யாரும் இல்லை" என்று நான் எழுதியுள்ளதையும், இணைத்துள்ள டாக்டர் சான்றிதழையும், காவலாளியையும் தயவுசெய்து தள்ளிவிட்டு வாசிக்கவும். நான் பைத்தியம் இல்லை என்பதற்கு இப்போது சாட்சி இருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டுமா என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. வாசல்வரை போன பாலமுரளி திரும்பி வந்து இன்னொன்று கேட்டான்: "அவன் போறதுக்கு முன்னாடி ஒங்க காதுல குனிஞ்சு ரொம்ப நேரம் என்னமோ கேட்டானே, என்னண்ணே கேட்டான்? நீங்களும் சரி சரின்னீங்களே?" எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. இப்போதுதான் வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தாங்களும் ஒரு முறை பாருங்கள் சம்பந்தி, கடைசியில், நான் அழுகையை நிறுத்தியபிறகு. மூன்று முறை தலையாட்டுகிறேன்.